எழுத்தாளர் அம்மாவுக்குப் படைத்த தேத்தண்ணி

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள்: நான், என் மச்சாள், கீழே நுழைவுச்சீட்டு விற்கும் மதாம். மாடியில் மாட்டியிருந்த படத்தையும் சேர்த்தால் எழுத்தாளர் அம்மாவும். வேறு ஒருவருமில்லை.

சுவிஸில், லா ஷோ-து-ஃபோன் நகரத்திலிருந்து பஸ்ஸில் போகவேண்டிய சின்ன ஊர். சுற்றிவரச் சதுப்பு நிலம், அதற்குள் பலகை நடைபாதை. அந்தச் சேற்றில் தொலைந்துபோனவர்களைப் பற்றித்தான் எழுத்தாளர் அம்மா கதை எழுதினாராம். சனம் வந்து, அவர் செத்த கட்டிலைப் பார்த்துவிட்டு, சீஸ் வாங்கிக்கொண்டு போகும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஒரு கதையும் வாசித்ததில்லை. காட்சியகமாகிவிட்ட அவருடைய வீட்டைத் துப்புரவாக்குவது என் வேலை. அது போனால் இந்த நாட்டில் இருக்கிற பெர்மிட்டைப் புதுப்பிக்க மாட்டார்களோ என்ற பயம் என்னோடு படுத்து என்னோடு எழும்பும்.

இன்னொரு பயமும் இருந்தது. நான் கீழே துடைக்கும்போது, மேலே எழுத்தாளர் அம்மா இருந்து எழுதின கதிரை இழுபடுகிற சத்தம் கேட்கும். மேசைப் பக்கம் வைத்துவிட்டு வந்த கதிரை, போய்ப் பார்த்தால் சன்னலைப் பார்த்தபடி இருக்கும். அதனால்தான் மச்சாளைத் துணைக்குக் கூட்டிப்போனேன்.

"எடியே, அவவுக்கு ஒருத்தரும் படைக்கேல்லை. அதுதான் உலாவுறா," என்றாள் மச்சாள். "என்ன விருப்பமாம்?"

"பால் விடாத தேத்தண்ணியாம். மதாம் சொன்னவ."

"பிறகென்ன? என்ரை பிளாஸ்க்கிலை கிடக்கு."

நான் வாளித் தண்ணீர் மாற்றிவிட்டு வருவதற்குள் ஊற்றிவிட்டாள். செத்தவர்களுக்கு அவர்கள் புழங்கிய பாத்திரத்தில்தான் படைக்கவேண்டுமாம். மாடி மேசையில் காட்சிக்கு வைத்திருந்த எழுத்தாளர் அம்மாவின் பீங்கான் கோப்பையில் ஆவி பறந்தது.

"ஐயோ விசரி! என்ரை வேலை போகப்போகுது!"

"கத்தாதை. கதவைச் சாத்து, அவ குடிக்கட்டும்."

சாத்திவிட்டுப் படியில் நின்றோம். உள்ளே டிக் என்று ஒரு சத்தம். திறந்தபோது கோப்பை மேலிருந்து கீழ்வரை வெடித்திருந்தது. சூடு பொறுக்கவில்லை, சரி. ஆனால் மேசை ஈரமில்லை. கோப்பைக்குள்ளும் ஒரு சொட்டு இல்லை. மச்சாள் குனிந்து நிலத்தையும் தடவிப் பார்த்தாள்.

நானே அதை மதாமிடம் கொண்டுபோனேன். எனக்குப் பிரெஞ்சு சரியாக வராததால் மச்சாள்தான் எல்லாம் சொன்னாள். மதாம் கோப்பைக்குள் மூக்கை வைத்து மணந்து பார்த்தார். "குடித்துவிட்டாரா?" என்று கேட்டார், சிரிக்காமல்.

வேலை போகவில்லை. கோப்பையை ஒட்டுவித்த செலவை மாதாமாதம் சம்பளத்தில் கழிக்கிறார்கள். ஒட்டிய கோப்பை பழைய இடத்துக்கு வந்த நாளிலிருந்து கதிரை முன்னையைவிட அடிக்கடி இழுபடுகிறது. இன்னொரு தேத்தண்ணி கேட்கிறாவோ? ஊற்ற எனக்குத் துணிவில்லை. இன்னும் நூற்றி நாற்பது பிராங்க் கட்டக் கிடக்கிறது.