பேர் எழுதாத சுவர்

பக்கத்து வீட்டுக் கேட்டுக்கு இன்று பெயின்ட் அடிக்கிறார்கள். டர்பன்டைன் வாசனை சன்னல் வழியாக வந்து, கள்ளக்குறிச்சியில் உட்கார்ந்திருந்தவனை வெள்ளிமலையில் கொண்டுபோய் இறக்கிவிட்டது. சிலருக்கு மல்லிகை, சிலருக்குக் காபி. சிகரெட் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தவனுக்கு இதுதான், என்ன செய்ய.

நான் எம்.ஏ. பொருளாதாரம். மூங்கில்துறைப்பட்டு ஆலை வாசலில் கரும்பு வண்டிக்காரர்களுக்கு இலவச சிகரெட் நீட்ட அந்தப் படிப்பு தேவைப்படவில்லை. சட்டம் வந்தபோதுதான் தேவைப்பட்டது. சிகரெட்டுக்குச் சாலையோர விளம்பரம் கூடாது என்றதும் தகரப் பலகைகளைக் கழற்றினோம். மேனேஜர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நான்தான் வழி சொன்னேன். பேரை எழுதினால்தானே விளம்பரம்? பாக்கெட்டின் நிறத்தை மட்டும் கடைக்கு அடிப்போம். மேலே சிவப்பு, நடுவில் பொன்னிறப் பட்டை, கீழே வெள்ளை. தூரத்திலிருந்து பார்த்தால் கடையே ஒரு பாக்கெட். இந்த யோசனையையும் பெயின்ட் செலவையும் அறிக்கையில் 'கடைப் பராமரிப்பு' என்ற தலைப்பில் எழுதச் சொன்னார் மேனேஜர். எழுதினேன். அதன் கார்பன் பிரதியைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன். என் மூளையின் மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.

முதலில் அடித்தது வெள்ளிமலையில் சின்னராசுவின் டீக்கடைக்கு. "இன்னா சார், என் கல்யாணத்துக்குக்கூட வூட்டுக்கு இப்டி அடிக்கல" என்று சிரித்தார். புகைப் பழக்கம் இல்லாத மனிதர். கடை திறப்புவிழா மாதிரி இருக்கட்டும் என்று ஒன்றை வாயில் வைக்கச் சொல்லி, நானே தீக்குச்சி கிழித்தேன்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக மலைக்குப் போனேன். பஸ்ஸிலிருந்து இறங்கினால் எதிரே அதே சிவப்பு, அதே பட்டை, புதுப் பளபளப்போடு. அந்த சிகரெட்டைக் கம்பெனி எப்போதோ நிறுத்திவிட்டது. அடுப்படியில் சின்னராசுவின் மனைவி பொன்னி நின்றார்.

"வாங்க சார், குந்துங்க. அவரு போய்ட்டாருங்க, தொண்டையில புத்து. கடைசிவரைக்கும் சிகரெட்ட வுடல. வருசா வருசம் பொங்கலுக்கு இதே கலருதான் அடிப்பாரு, ராசின்னுவாரு. இந்தப் பொங்கலுக்கு நானே அடிச்சேன்."

டீயைக் குடித்துவிட்டு நழுவியிருக்கலாம். எதிரே பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் அந்தச் சுவரில் சாய்ந்து பஸ்ஸுக்கு நின்றார்கள். அது யாருடைய நிறம், யாருடைய யோசனை, அவருக்கு முதல் சிகரெட்டைப் பற்றவைத்தது யார் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

பொன்னி அடுப்பை அணைத்தார். வெளியே வந்து சுவரைக் காட்டினார்.

"வெள்ள பெயின்ட் வாங்கினு வா. நீயே அடி."

கல்யாணத்துக்குப் போகவில்லை. அடித்தேன்.

ஊர் திரும்பியதும், நிறம் அடித்த கடைகளின் பேரையெல்லாம் எழுதி, கார்பன் பிரதியின் நகலோடு சுகாதாரத் துறைக்கு அனுப்பினேன். கையெழுத்து என்னுடையது, முகவரியும் என்னுடையதே. எப்படியோ தெரிந்து பழைய மேனேஜர் நேற்றுப் போனில் கத்தினார். "பேரே எழுதலியேய்யா, நாம எங்க சட்டத்த மீறுனோம்?"

"அதத்தான் சார் எழுதியிருக்கேன். கூப்பிட்டா வந்தும் சொல்லுவேன்" என்று போனை வைத்தேன். வழக்கு என்மேலும் வரட்டும்.

தகரப் பலகைகள் போய்விட்டன. அந்த சிகரெட் இல்லை. சின்னராசு இல்லை. சுவரில் மூன்று பூச்சு அடித்த பிறகுதான் சிவப்பு மறைந்தது. பொன்னியின் வாயிலிருந்த 'சார்' மட்டும் ஒரே நொடியில் போயிற்று. அதைத் திரும்பக் கேட்க நான் போகப்போவதில்லை.