தண்ணி கலக்க எழுந்த கால்

ஈப்போவில் நான் வேலை பார்க்கும் கையுறைத் தொழிற்சாலையில் படி இறங்கும்போதுதான் முதலில் தெரிந்தது. வலது முட்டிக்குள் மணலை மிதித்தது போல ஒரு நறநறப்பு. வயதாகிறது என்று விட்டுவிட்டேன். நாற்பத்தேழெல்லாம் ஒரு வயதா?

வலி கூடியதும் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். முட்டியின் குருத்தெலும்பு (எலும்போடு எலும்பு உரசாமல் காக்கும் வழுவழுப்பான மெத்தை) ஓரிடத்தில் கிழிந்திருந்தது. கிழிந்த ஓரத்தை ரோபோ கை லேசர் ஒளியால் சீவிவிடும், அந்தப் பள்ளத்தில் புதுத் திசு வளர வேண்டும் என்றார் டாக்டர், தமிழ்ப் பெண். வளராவிட்டால் முட்டி மூட்டு முழுவதையும் மாற்ற வேண்டியதுதான். அதன் பிறகு நாள் முழுக்க நின்று செய்யும் என் வேலை இருக்காது.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது.

“மெஷின் அதோட வேலைய செஞ்சிருச்சிக்கா. இனி உங்க வேலை ஒண்ணுதான். நான் சொல்ற வரைக்கும் அந்தக் காலைத் தரையில ஊனக் கூடாது” என்றார் டாக்டர்.

கேட்க எளிதாகத்தான் இருந்தது. ஆனால் நோயாளியைப் பார்க்க ஆட்கள் வருவார்கள், அதை உங்களுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். மகளைச் சித்தியவானில் கட்டிக்கொடுத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவள் மாமியார் வந்தார். என் கணவர் வேலைக்குப் போயிருந்தார். வந்தவருக்கு மைலோவோ டீயோ கொடுப்பதை எங்கள் பக்கம் தண்ணி கலக்குவது என்போம். அது இல்லாமல் யாரையும் அனுப்புவதில்லை.

“ஒண்ணும் வேணாம் லா சம்பந்தி. உக்காருங்க.”

வேண்டாம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எழுந்தேன். இரண்டு கையிலும் ஊன்றுகோல் இருந்தால் குவளையை எப்படித் தூக்குவது? கோல்களைச் சுவரில் சாய்த்துவிட்டு நடந்தேன். முட்டிக்குள் ஏதோ வழுக்கியது. இருந்தும் கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

மறுநாள் முட்டி பப்பாளி மாதிரி வீங்கியிருந்தது. புதுத் திசுவின் ஓரம் பெயர்ந்துவிட்டது என்றார் டாக்டர்.

“எதுக்குக்கா எழுந்தீங்க?”

“தண்ணி கலக்க.”

அவர் சிரிக்கவில்லை. “எங்கம்மாவும் இப்படித்தான்” என்றார். மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும், இந்த முறையும் பிடிக்காவிட்டால் மூட்டு மாற்றுதான் என்றார்.

அலுத்துப்போனேன். காலை மாலை என்பதெல்லாம் போய், காலைத் தூக்கி வைக்கும் நேரம், மடக்கும் நேரம் என்றாகிவிட்டது.

சம்பந்தி மறுபடி வந்தார். நான் அசையவில்லை.

“ஃபிரிட்ஜில பொட்டலத் தண்ணி இருக்கு சம்பந்தி, கடையில வாங்குன ஜூஸுதான். எடுத்துக் குடிங்க.”

அடுத்தவர் வீட்டு ஃபிரிட்ஜை எந்தச் சம்பந்தி திறப்பார்? கொஞ்ச நேரம் பேசிவிட்டு வெறும் வாயோடு கிளம்பினார். அவர் போனதும் அழுதேன்.

அன்று மாலை மகள் போனில் கூப்பிட்டாள். “அத்தை ஒண்ணும் சொல்லலம்மா. ஆனா மொகமே சரியில்ல.”

திசு பிடித்துக்கொண்டது. வேலைக்கும் திரும்பிவிட்டேன். சம்பந்தி மட்டும் அதன் பிறகு வரவே இல்லை. போன வாரம் மகளிடம், “கால் நல்லா இருக்கு, அத்தைய வரச் சொல்லு. நானே கலக்கித் தாரேன்” என்றேன்.

சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தால், என் கை முட்டியை இறுகப் பொத்திக்கொண்டிருந்தது.