மழை மட்டும் பேசிய களம்

நேற்று மத்தியானம் சாப்பிட்டுக் கண்ணயரும் நேரத்தில் ஒரு பெண் போனில் கூப்பிட்டு, "சார், உங்க வெப்சைட்டுக்கு எடம் வேணுமா? முதல் வருசம் பாதி வாடகைதான்" என்றாள். எனக்கு வெப்சைட்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஆனாலும் போனை வைத்தபிறகு தூக்கம் வரவில்லை. அரைக்கண்ணில் அப்படியே கிடந்தேன்.

சூடேறிய பிளாஸ்டிக்கும் கொசுவத்தியும் கலந்த ஒரு வாசனை எங்கிருந்தோ வந்தது. அருப்புக்கோட்டையில் நான் முதன்முதலாக வேலை பார்த்த பிரவுசிங் சென்டரின் வாசனை. மாடியில் ஆறு கம்ப்யூட்டர், அதில் நாலு ஓடும். விதைக்கடைக்காரர் மகன் வேலு, என் சிநேகிதன், கடையில் உட்காரச் சொன்னால் அங்கேதான் ஓடி வருவான்.

விதை வாங்க வருகிறவர்கள் கேட்பதெல்லாம் எங்கே மழை என்பதுதான். பாலவனத்தத்தில் கொட்டும், பக்கத்து ஊரில் சொட்டு விழாது. அதை ஊர்வாரியாக எழுதிவைக்க இணையத்தில் ஒரு கருத்துக்களம் தொடங்கலாம் என்றான் வேலு. மென்பொருள் தேடும் பொறுப்பு எனக்கு. பெரிய நிபுணன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேனே தவிர, நான் வைத்த பரீட்சை ஒன்றுதான்: 'மழை' என்று தட்டிப் பார்ப்பேன். முதல் மென்பொருள் அதை நாலைந்து கேள்விக்குறியாக்கியது. இரண்டாவது ஒழுங்காகக் காட்டியது, ஆனால் எங்கள் லைனில் ஒரு பக்கம் திறப்பதற்குள் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். மூன்றாவது தேறியது.

அடுத்தது அதைக் குடிவைக்க இடம். "சொந்தமா வாடகைக்கு எடுப்போம்லே" என்றான் வேலு. நான்தான் ஓசி இடமே போதும் என்று பிடிவாதம் பிடித்தேன். தொண்ணூறு நாள் யாரும் புதிதாக எழுதாவிட்டால் களம் அழிக்கப்படும் என்று நிபந்தனைகளில் ஒரு வரி இருந்தது. அவனிடம் படித்துக் காட்டினேன்.

"ஏலே, நம்மாளுக மூணு மாசம் வாயப் பொத்திக்கிட்டு இருப்பாய்ங்களா?"

சிரித்துக்கொண்டே சம்மதம் என்பதை அழுத்தினோம்.

களத்துக்கு வேலு ஒரே ஒரு சட்டம் போட்டான். இல்லை என்று யாரும் எழுதக்கூடாது. கடையில் சரக்கு இல்லாவிட்டாலும் "நாளைக்கு வரும்" என்றுதான் சொல்ல வேண்டும், இல்லை என்ற சொல் கடைக்கு ஆகாது. அவன் வளர்ந்த விதம் அப்படி. எங்களுக்கும் அது சரியென்றே பட்டது. ஒரு உழவு மழை, ரெண்டு உழவு மழை என்று எழுதினார்கள். எவ்வளவு மழைக்கு எத்தனை முறை உழலாம் என்ற கணக்கு அது.

எம்.ரெட்டியபட்டியிலிருந்து சரசு அக்கா வாரம் ஒருமுறை பஸ்ஸேறி வருவார். அவர் வீட்டுக்காரர் துபாயில் இருந்தார். போன் வந்தால் வீடே சுற்றி நிற்கும், "நல்லா இருக்கேன்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதனால் இருவரும் களத்தில் பேசிக்கொண்டார்கள், மழையைப் பற்றி மட்டும். "இங்கன ஏசி மெசின்ல தண்ணி சொட்டுது. கண்ண மூடிக்கிட்டா நம்ம வீட்டுக் கூரைதான். வாகை மரத்தடி நனஞ்சிருச்சா?" என்று அவர் எழுதுவார். "நனஞ்சிருச்சு. ஒரு உழவு" என்று அக்கா ஒற்றை விரலால் தட்டுவார். அந்தப் பேச்சுக்கு நடுவில் வேறு யாரும் எழுத மாட்டார்கள். நான் மட்டும் திருட்டுத்தனமாகத் திரும்பத் திரும்பப் படிப்பேன்.

அந்த வருடம் கோடை மழை ஏமாற்றிவிட்டது. சட்டப்படி மூன்று மாதமாக யாரும் எதுவும் எழுதவில்லை. துபாயிலிருந்து அக்கா வீட்டுக்காரரும் கேட்கவில்லை, கேட்டால் அக்கா இல்லை என்றல்லவா எழுத வேண்டியிருக்கும். ஒருநாள் திறந்தால் களமே இல்லை. வெள்ளைப் பக்கம்.

"எல்லாம் வேணாம் தம்பி. அவுக எழுதுனத மட்டும் எடுத்துக் குடு, போதும்" என்றார் அக்கா. இடம் கொடுத்தவர்களுக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டேன். பதிலே இல்லை. எனக்கு அழுகையாக வந்தது.

சில வருடம் கழித்து அக்கா வீட்டுக்காரர் ஒரேயடியாக ஊர் திரும்பினார். ஏதோ விண்ணப்பம் நிரப்ப இருவரும் சென்டருக்கு வந்திருந்தபோது, வெளியே தூறல் போட்டது. அக்கா ஜன்னலைப் பார்த்தபடி, அந்த ஏசி மெசின் வரியை ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னார்.

"யாரு எழுதுனது?" என்றார் அவர்.

"நீங்கதான்."

"நானா? எனக்கு அப்பிடியெல்லாம் எழுத வராது. நீயா நெனச்சுக்கிட்டது" என்று சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நானா தம்பி எழுதுனேன்?"

"ஆமாண்ணே, நீங்கதான். நான் படிச்சிருக்கேன்" என்றேன். அவர் நம்பவில்லை. அக்கா கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். திறந்து காட்ட என்னிடம் ஒரு வரிகூட இல்லை.