இஞ்ச் டேப் வைத்த படம்

என் அக்காள் வீட்டுக்காரர் தையல்காரர். பேன்ட் வெட்டுவதில் கை சுத்தம். ஆனால் கடைக்கு லீவு என்றால் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தண்டவாளப் பக்கம் கிளம்பிவிடுவார். ரயில், பழைய ஸ்டேஷன், கூட்ஸ் கொட்டகை, இதைத்தான் எடுப்பார். இருபத்திரண்டு வருஷக் கிறுக்கு.

"என்னைய ஒரு படம் எடுத்திருக்காராடா? நானும் இன்ஜின் மாதிரி கூவினாத்தான் திரும்பிப் பார்ப்பாரு போல" என்பாள் அக்காள்.

"தினமும் கூவிட்டுத்தானே இருக்க" என்பார் மாமா, நூலைப் பல்லால் கடித்தபடி.

அவருக்கு உயிர், ஸ்டேஷன் கோடியில் பூட்டிக் கிடந்த சிக்னல் கேபின். செங்கல் கட்டடம், மேலே சுற்றிலும் கண்ணாடி, வெளியே இரும்புப் படி. அதை மட்டுமே முந்நூறு படம் எடுத்திருப்பார்.

"காலையில ஒரு முகம், சாயங்காலம் ஒரு முகம், மாப்ள."

எனக்கு இரண்டும் ஒரே முகம்தான். நான் பொக்லைன் ஓட்டுகிறவன். கட்டடத்தைப் பார்த்தால் எங்கே தட்டினால் விழும் என்றுதான் கண் போகும்.

போன மழையில் கேபினின் மேற்குச் சுவரில் விரிசல் விட்டது. மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. ரயில்வே ஆபீசுக்கு எழுதிப் பூசவைத்துவிடுவது என்று விரிசலைப் பதினாறு படம் எடுத்தார். கழுத்தில் கிடந்த மஞ்சள் இஞ்ச் டேப்பை விரிசலோரம் பிடித்து எடுத்தார்.

"அளவில்லாம நான் துணியே வெட்ட மாட்டேன். அவங்க மட்டும் நம்பிடுவாங்களா?"

'உடனே கவனிக்கவும்' என்று எழுதி அனுப்பினார். கவனித்தார்கள்.

நாலு மாசம் கழித்து கான்ட்ராக்டர் என்னை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார். மறுநாள் கேபினை இடிக்கும் வேலை. அங்கே நின்ற அதிகாரியின் ஃபைலில் முதல் தாளே மாமா படம். மஞ்சள் டேப் பளிச்சென்று தெரிந்தது.

"பப்ளிக்ல ஒருத்தர் அனுப்பினது. எவ்வளவு சுத்தமா அளந்திருக்காரு பாருங்க" என்று மெச்சினார் அதிகாரி.

"சார், அவரு சரிபண்ணச் சொல்லித்தான் எழுதினாரு."

"ஆபத்துன்னு கையில பேப்பர் வந்தப்புறம் விட முடியுமா? யார் தலையிலயாவது விழுந்தா இதே படத்தை வச்சு என்னைக் கேப்பாங்க."

நான் மாட்டேன் என்றால் இன்னொருவன் ஏறுவான்.

அக்காள் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். தையல் மெஷின் நின்றது.

"எந்தப் படம்?"

"டேப் வச்சது, மாமா."

பாக்கெட் துணியை நீவிக்கொண்டே கேட்டார். "நாளைக்குக் காலையில பத்து பத்துக்குப் பாசஞ்சர் வரும். அது கேபினைத் தாண்டுறப்ப ரெண்டையும் சேர்த்து ஒரு படம். அதுவரைக்கும் பொறுப்பியா?"

பாசஞ்சர் போன பிறகுதான் வேலை என்று ஏற்கெனவே பேச்சு. "பொறுக்கிறேன்" என்றேன்.

மறுநாள் வேலிக்கு வெளியே மாமா கேமராவோடு நின்றார். பத்து பத்து தாண்டியது. கான்ட்ராக்டர் ஓடிவந்தார்.

"வண்டி ஒன்றரை மணி நேரம் லேட்டாம். தண்டவாளம் காலியா இருக்கு. அது வர்றதுக்குள்ள முடி."

ஆயில் ஒழுகுகிறது என்று இறங்கினேன். ஹோஸை இரண்டு முறை துடைத்தேன். மூன்றாவது முறை கான்ட்ராக்டருக்குப் புரிந்துவிட்டது.

"ஏறுறியா, சாவியைக் குடுக்குறியா?"

மாமாவைப் பார்த்தேன். அவர் தண்டவாளம் வளைகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒன்றும் இல்லை. ஏறினேன்.

விரிசல் மேலேயே முதல் அடி. சுவர் அசையவில்லை. இன்னொன்று. செங்கல் தூள் பறந்ததே தவிர சுவர் நின்றது. இப்படி முரண்டு பிடிக்கும் சுவரை நான் கண்டதில்லை.

கடைசியில் சரிந்தது. தூசி அடங்கும்போது பாசஞ்சர் கூவிக்கொண்டு வந்தது. ஜன்னலோரம் இருந்தவர்கள் செங்கல் குவியலைப் பார்த்துக்கொண்டு போனார்கள். மாமா கேமராவைத் தூக்கவில்லை. கிட்டே போனேன்.

"எத்தனை அடி அடிச்ச?" என்று கேட்டார்.

"பதினொண்ணு, மாமா."

"நானும் எண்ணினேன்" என்றார்.