எதிர்வீட்டு நாய்க்கு நான் போட்ட கையெழுத்து

சில வருடங்களுக்கு முன், இடவப்பாதி என்று கேரளத்தில் சொல்லும் பருவமழை பிடித்துக்கொண்ட சமயம். திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாடகைக்கு இருந்தோம். எனக்குத் திருநெல்வேலிப் பக்கம். கணவருக்கு ஐ.டி. வேலை, அந்த வாரம் அவர் பெங்களூருக்குப் போயிருந்தார்.

எதிர்வீட்டில் ஓர் அக்கா. இந்த ஊரின் சாலைக் கடைத்தெருவில் பிறந்து வளர்ந்த தமிழர். பேச்சில் பாதி மலையாளம் கலந்திருக்கும். கணவர் இறந்த பிறகு கேசு என்ற ஜெர்மன் ஷெப்பர்டோடு தனியாக இருந்தார். எனக்கு நாய் என்றாலே உள்ளுக்குள் ஒரு நடுக்கம். ஆனால் மஸ்கட்டில் இருக்கும் மகளுக்கு நாள் வருமுன்பே வலி கண்டுவிட்டது என்று அக்கா அலறியடித்துக் கிளம்பியபோது, முடியாது என்று சொல்ல மனம் வரவில்லை. சாப்பாடு எப்போது, நடைக்கு எப்போது, உடம்புக்கு வந்தால் எந்த மிருக ஆஸ்பத்திரி எல்லாம் சொன்னார். "ஒண்ணும் பேடிக்காதே மோளே, பாவம் இவன்" என்று சொல்லிவிட்டு டாக்ஸியில் ஏறினார்.

விமானம் கிளம்பி அதிக நேரம் ஆகியிருக்காது. கேசு ஓரிடத்தில் நிற்காமல் சுற்றிச் சுற்றி வந்தது. வாந்தி எடுப்பதுபோல் முக்கியது. எச்சில்தான் கயிறாகத் தொங்கியது. வயிறு பார்த்துக்கொண்டிருக்கும்போதே உப்பியது. தட்டிப் பார்த்தால் பறை மாதிரி ஒலித்தது. நான் கொடுத்த சோறுதான் ஏதோ செய்துவிட்டது என்று எனக்குக் கைகால் ஓடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து விவரம் சொன்னேன். முன்பதிவெல்லாம் வேண்டாம், உடனே கொண்டு வாருங்கள் என்றார்கள்.

காவலாளியும் நானும் அதைப் போர்வையில் சுமந்து ஆட்டோவில் ஏற்றினோம். பைபாஸ் முழுக்க வண்டிகள் மழையில் நின்றன. அவ்வளவு நாள் எட்ட நின்று பார்த்த நாயின் தலை என் மடியில் கிடந்தது. அது மூச்சு விடுகிறதா என்று கையை வைத்து வைத்துப் பார்த்தேன்.

அங்கே வரிசையில் இருந்தவர்களைத் தாண்டி உடனே உள்ளே எடுத்துப் போனார்கள். நான் வெளியே உட்கார்ந்தேன். எதிர்ச்சுவரில் அந்த ஆஸ்பத்திரியின் விதிகள் ஒட்டியிருந்தன. நாயைச் சங்கிலியிலும் பூனையைக் கூடையிலும் கொண்டு வர வேண்டும். அவசர நோயாளிக்கே முதலிடம். கொண்டு வந்தவர் விட்டுவிட்டுப் போகக் கூடாது. அறுவை சிகிச்சைக்கு உரிமையாளரின் சம்மதம் கட்டாயம். கடைசி வரியை இரண்டு முறை படித்தேன்.

டாக்டர் ஒரு பெண்மணி. மலையாளிதான், தமிழ்நாட்டில் படித்ததால் தமிழ் பேசினார். எக்ஸ்ரேயைக் காட்டி, இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கிறது, பெரிய ஜாதி நாய்களுக்கு இப்படி வருவதுண்டு, உங்கள் சோற்றின் மேல் பழியில்லை என்றார். ஊசி குத்திக் காற்றை இறக்கியிருக்கிறார்களாம். ஆனால் அது தற்காலிகம். வயிற்றைத் திறந்தே ஆக வேண்டும். திறந்தாலும் பிழைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. உரிமையாளர் யார் என்று கேட்டார். ஆகாயத்தில் இருக்கிறார் என்றேன்.

அக்காவின் போன் அணைந்திருந்தது. அவர் கொடுத்துவிட்டுப் போயிருந்த மருமகன் எண்ணுக்கு அடித்தேன், மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பிரசவ அறை வாசலில் நிற்பவர் எப்படி எடுப்பார்? செய்தி அனுப்பிவிட்டு என் கணவரை அழைத்தேன். அவர் பதறிப்போனார். "நீ கையெழுத்துப் போடாதே. ஏதாவது ஆச்சுன்னா நாளைக்கு அந்த அக்கா முகத்துல எப்படி முழிப்பே?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. போடாமல் விட்டு ஏதாவது ஆனால் மட்டும் எப்படி முழிப்பேன் என்று அவரிடம் கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

டாக்டரிடமே, நீங்களே எது சரியோ செய்துவிடுங்களேன் என்று கெஞ்சினேன். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"முன்னாடி ஒரு தடவை அப்படிச் செஞ்சேன். ஓனர் வர்றதுக்குள்ள ஆபரேஷன் பண்ணினேன், நாய் டேபிள்லயே போச்சு. அவர் என்னைத் திட்டல. வீட்டுக்குக் கொண்டுபோய் மடியில வச்சுக்கிட்டிருப்பேனேன்னு மட்டும் சொன்னார். அதுக்கப்புறம்தான் இங்க இந்த ரூல் வந்தது. நாய்க்கு வாயில்ல. அதுக்காகப் பேச ஒரு ஆள் வேணும். ஓனரைப் பிடிக்க முடியலைன்னா, அவர் ஏல்ப்பிச்சுட்டுப் போன ஆள் பேசலாம்."

ஏல்ப்பிச்சுட்டு என்றால் ஒப்படைத்துவிட்டு. ஒப்படைக்கப்பட்டவள் நான்தான்.

பிறகு அவர் இரண்டு கேள்விகள் கேட்டார். நடுவில் இதயம் நின்றால் திரும்பக் கொண்டுவர முயலட்டுமா? முயலுங்கள் என்றேன். அடுத்ததைக் கேட்குமுன் என் முகத்தை ஒருமுறை பார்த்தார்.

"திறந்து பார்க்கும்போது இரைப்பை முழுசும் செத்துப்போயிருந்தா, காப்பாத்த வழியில்ல. அப்ப தைச்சு எழுப்பணுமா? இல்ல, மயக்கத்துலயே போக விட்டுடலாமா? எழுப்பினா ஒரு நாள், ரெண்டு நாள். வலி இருக்கும்."

எழுப்பினால் அக்கா போனிலாவது அதனுடன் பேசலாம். அடுத்த விமானத்தில் வந்தாலும் வந்துவிடுவார். ஆனால் உள்ளேயிருந்து அதன் முனகல் கேட்டுக்கொண்டே இருந்தது. மறுபடியும் போன் அடித்தேன். அணைந்தே இருந்தது. டாக்டர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஆனால் எழுந்து நின்றுவிட்டார்.

"எழுப்ப வேண்டாம்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது.

படிவத்தில் நாய்க்கு நீங்கள் என்ன உறவு என்று ஓர் இடம் இருந்தது. எதிர்வீடு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கதவு மூடிக்கொண்டது. அதன்பின் அந்த நாற்காலியை விட்டு அசையவில்லை. உள்ளே ஏதாவது பாத்திரம் உரசினால்கூடக் கதவையே பார்த்தேன். பக்கத்தில் முயல்குட்டியோடு இருந்த ஒரு பெண், தெரிந்தவர்போல என் கையைப் பிடித்துக்கொண்டார். கதவைத் திறந்து யாராவது வந்தால் முதலில் அவர்கள் முகத்தைப் பார்ப்பேன். பார்க்கப் பயந்து உடனே தரையைப் பார்ப்பேன்.

மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த நேரத்தில் டாக்டர் வெளியே வந்து முகமூடியை இறக்கினார். இரைப்பை கருத்துத்தான் இருந்ததாம். முறுக்கை எடுத்துவிட்டுக் காத்திருந்ததில் மெல்ல நிறம் திரும்பியதாம். மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். அடுத்த சில நாட்களைத் தாண்டிவிட்டால் பிழைத்துவிடும் என்றார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே அழுதேன்.

சாயங்காலம் அக்காவின் போன் வந்தது. பேத்தி பிறந்த செய்தியும் கேசுவின் செய்தியும் அவருக்கு ஒன்றாகவே கிடைத்திருந்தன. எதையும் மறைக்காமல் எல்லாம் சொன்னேன். இரண்டாவது கேள்விக்கு என்ன பதில் சொன்னேன் என்பதையும். அவருக்குப் பின்னால் விமான நிலைய அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது.

"நானாயிருந்தா எழுப்பச் சொல்லியிருப்பேன், மோளே" என்றார். கோபமில்லை. "ஒருவாட்டி எங்கிட்ட யாத்திரை சொல்லிட்டுப் போகட்டும்னு."

யாத்திரை சொல்வது என்றால் விடைபெறுவது. பிறகு, நீ அங்கே இருந்தாயே, அது போதும் என்றார். எனக்கு ஆறுதலாக இல்லை. கேசு பிழைத்தது. அக்கா திரும்பி வந்தபோது தையல் பிரித்த வயிற்றோடு வாலை ஆட்டிக்கொண்டு வாசலில் நின்றது. என்னைக் கண்டாலும் வாலாட்டும் அளவுக்கு நாங்கள் சிநேகமாகிவிட்டோம். அக்கா அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவே இல்லை.

இப்போது யாராவது குழந்தையையோ வயதானவரையோ, ஒரு பூனைக்குட்டியையோ என் பொறுப்பில் விட வந்தால், உங்களைப் பிடிக்க முடியாத நேரத்தில் ஏதாவது ஆனால் நான் என்ன செய்ய வேண்டும் என்றுதான் முதலில் கேட்கிறேன். அபசகுனமாகப் பேசுகிறாளே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சுளித்துவிட்டுப் போகட்டும், எவ்வளவு அன்போடு யோசித்தாலும் இன்னொருவர் மனதில் இருக்கும் பதிலை நம்மால் ஊகிக்க முடியாது என்று அன்று பட்ட பயம் எனக்கு இன்னும் தெளியவில்லை.