மம்மியைச் சுற்றிய துணி

"நலம். வெயில் அதிகம். மணல் தவிர வேறொன்றும் இல்லை." பிரமிடு படம் போட்ட தபால் அட்டையில் மாமா எகிப்திலிருந்து எழுதியது இவ்வளவுதான். முத்திரையில் ஆண்டு தேய்ந்திருக்கிறது. நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை என்பதால் 1995 என்று கொள்கிறேன்.

மாமா என்றால் அத்தையின் கணவர். இராஜபாளையத்தில் தன் அண்ணனோடு சேர்ந்து பேண்டேஜ் துணி நெய்து விற்றவர். கெய்ரோவுக்குப் போனதும் அதற்காகத்தான். அடுத்த பயணத்தில் தானும் போக வேண்டும் என்பது அத்தையின் ஆசை. ஆனால் தலையாட்ட வேண்டியவர் மாமாவின் அண்ணன், எனக்குப் பெரிய மாமா. "ஏவாரத்துக்குப் போற எடத்துல பொம்பளைக்கு என்ன சோலி?" என்று அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். மாமாவும் ஆமாம் போட்டார். அத்தை மாமாவோடு பேசுவதை நிறுத்தினார்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என்னிடம் மட்டும், ஊர் திரும்பியிருந்த மாமா வேறொரு எகிப்தைச் சொன்னார். அந்தி நேரத்தில் பள்ளிவாசல்கள் ஒவ்வொன்றாகப் பாங்கு சொல்லத் தொடங்கி, ஊரே ஒரே குரலாகிவிடுமாம். ஆற்றின் இரு கரையும் எங்கள் பக்கத்துக் கூமாப்பட்டி வயல்போலப் பச்சை; அதைத் தாண்டினால் சட்டென்று பாலை. அருங்காட்சியகத்தில் பழைய ராஜாக்கள் உடம்பெல்லாம் துணி சுற்றிப் படுத்திருக்கிறார்கள். யாரிடமும் சொல்லக் கூடாது என்றும் சொல்லிவைத்தார்.

அன்று மத்தியானச் சாப்பாட்டில் எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன். "பெரிய மாமா, எகிப்து ராஜா பொணத்தச் சுத்துனதும் நம்ம பேண்டேஜ்தானா?"

பெரிய மாமாவின் கை சோற்றிலேயே நின்றது. தம்பியைப் பார்த்தார். "நெசவு எப்படிலே இருந்துச்சு? நெருக்கமா, இளக்கமா?"

"கண்ணாடிப் பெட்டிக்குள்ள கெடக்குண்ணே. எனக்குப் பிடிபடல. பாத்ததும் இழை சொல்றது இந்த வீட்டுல அவ ஒருத்திதான்."

அது உண்மை. வெளியூர் போகும் துணியைச் சரிபார்த்து அனுப்புவது அத்தைதான். பெரிய மாமா ரசம் ஊற்றிக்கொள்ளும்வரை யோசித்தார்.

"அப்பச் செரி. அடுத்த தடவ ஒம் பொஞ்சாதியையும் கூட்டிட்டுப் போ. பாத்துட்டு வந்து சொல்லட்டும்."

அத்தை கரண்டியோடு அடுக்களைக்குள் போய்விட்டார். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. மறு ஆண்டு அத்தை போய், நைல் நதிப் படகில் நின்று படம் எடுத்துக்கொண்டு, நம்ம துணியைவிட நெருக்கம்தான் என்று பெரிய மாமாவிடம் ஒப்பித்தார்.

ரகசியத்தை உடைத்துவிட்டோமே என்று அந்த விடுமுறை முழுக்க நான் மாமா கண்ணில் படாமல் திரிந்தேன். என் வாயில் எதுவும் நிற்காது என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும், எனக்குத்தான் தெரியாது. மாமா அதை நம்பித்தான் என்னிடம் சொன்னாரா? மாமாவிடமே பலமுறை கேட்டுவிட்டேன். அவர் அத்தையின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார், அவ்வளவுதான். இன்றுவரை உறுதிப்படுத்த முடியவில்லை.