அண்ணன் சொன்ன தண்ணீர் முறை

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வேட்டியை முழங்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு, என் அண்ணனுக்குப் பின்னால் வாய்க்கால் கரையில் நடந்துவந்தார் வக்கீல் ஐயா. அவரை நினைத்தால் அதுதான் முதலில் வருகிறது. எனக்கு அப்போது பத்து வயது. மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு என்னை நிறுத்தியிருந்தார்கள். வக்கீல் என்றால் கறுப்புக் கோட்டும் குதிரை வண்டியும் என்று நினைத்திருந்தேன். இவரோ சேற்றில் கால் வைத்து, மடைக்கு மடை நின்று, "அடுத்து யாரு தண்ணி, வே?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஊரில் சின்னப் பிள்ளைகூட அண்ணனை "ஏலே" என்றுதான் கூப்பிடும். சம வயதுக்காரரைப் போல "வே" போட்டவர் அவர் ஒருவர்தான்.

அண்ணனுக்கு இருபது வயது. புத்தி மட்டும் ஐந்து வயதில் நின்றுவிட்டது. புளியங்கொட்டையை எண்ணச் சொன்னால் நாலுக்குப் பிறகு மறுபடி ஒன்றுக்கு வந்துவிடுவான். எங்கள் அப்பா ஊருக்கு நீர்பாய்ச்சி. தாமிரபரணி வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால், எந்த வயலுக்கு என்றைக்கு மடை திறப்பது என்று ஊரில் ஒரு முறை உண்டு. அந்த முறைப்படி திறப்பதும் அடைப்பதும் அப்பாவின் வேலை. நடக்கப் பழகிய நாள் முதல் அண்ணன் அவர் பின்னாலேயே போனான்.

ஐப்பசியில் அப்பா காய்ச்சலில் போய்விட்டார். மாசியில் தண்ணீர் சுருங்கியதும் பண்ணையார் யாரையும் கேளாமல் தம் வயலுக்கு இரண்டு நாள் கூட்டி எடுத்துக்கொள்ளப் பார்த்தார். அண்ணன் வழக்கம்போல் விடிந்ததும் மண்வெட்டியோடு போய், அவர் மடையை அடைத்து, அன்றைய முறைக்காரர்களான கடைமடைக்காரர்களுக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டான். தடுக்க வந்த பண்ணைக் காரியஸ்தர் அவனைத் தள்ள, இவன் மண்வெட்டிக் காம்பால் அவர் தோளில் ஓர் அடி வைத்துவிட்டான். பால் பிடித்த பயிரைக் காயப் போட்டான், ஆளை அடித்தான் என்று இரண்டையும் சேர்த்துப் பிராது கொடுத்தார் பண்ணையார்.

அம்மா பாளையங்கோட்டைக்குப் போய் வக்கீல் ஐயா வாசலில் விழுந்தாள். நானும் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு போனேன். புத்தி குறைந்தவர்கள், சித்தம் கலங்கியவர்கள் மேல் வழக்கு வந்தால் அவரைத்தான் எல்லாரும் கைகாட்டுவார்கள். கூட இருந்த வக்கீல்களே அவரைப் "பைத்தியக்கார வக்கீல்" என்று கேலி பேசினார்களாம். "பட்டம் நல்லாத்தான் இருக்கு, பலகையில எழுதிரலாமா வே?" என்று அவரும் சிரிப்பாராம்.

"ஐயா, அவன் பைத்தியம்னு சொல்லிருங்க. விட்டிருவாவல்லா?" என்றாள் அம்மா.

"ஜெயிலுக்குப் போக மாட்டாம்மா. ஆனா மெட்ராஸ்ல பைத்தியக்கார ஆஸ்பத்திரியில கொண்டு வச்சிருவாவ. வீட்டுக்கு வர மாட்டான்."

கொற்கைப் பக்கத்துப் பெண் ஒருத்திக்கு முன்பு அப்படி வாதாடி ஜெயித்தாராம். அவள் அந்த ஆஸ்பத்திரியிலேயே இருந்து செத்தாள். அவளுடைய தாய் மாதம் தவறாமல் நடந்து வந்து, "எம்பிள்ள எப்ப வருவா?" என்று இவரைக் கேட்டுக்கொண்டே இருந்தாளாம். "இன்னொரு தாய்க்கு முன்னால அப்படி நிக்க என்னால ஆகாது" என்றார். அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. ஜெயிலில் அவனை அடித்தே கொன்றுவிடுவார்கள் என்று வழியெல்லாம் அழுதாள். அதற்குப் பிறகுதான் அவர் எங்கள் ஊருக்கு வந்து, மூன்று நாள் அண்ணனோடு வாய்க்கால் முழுக்க நடந்தார்.

விசாரணை அன்று பண்ணையார் தரப்பு வக்கீல் பத்துப் பாக்கை மேசையில் பரப்பி அண்ணனை எண்ணச் சொன்னார். அவன் நாலு வரை எண்ணிவிட்டு ஒன்றுக்கு வந்தான். எல்லாரும் சிரித்தார்கள். "இது மெட்ராஸுக்குப் போகவேண்டிய ஆள்" என்றார் அவர். அம்மாவின் கை என் கையை நெரித்தது.

வக்கீல் ஐயா எழுந்தார். தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரத் துரையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, ஊர்க் கர்ணத்திடம் பழைய தண்ணீர்க் கணக்கை விரித்து வைக்கச் சொன்னார். பிறகு, வாய்க்கால் கரையில் கேட்ட அதே குரலில் கேட்டார். "சிவராத்திரிக்கு மறுநாள் யாரு தண்ணி, வே?"

"கோயில் வயல்."

"அது முடிஞ்சா?"

"வண்ணாமடை. பொறவு பண்ணையார்."

"பண்ணையாருக்கு எவ்வளவு?"

"ஒரு பகல், ஒரு ராத்திரி. விடிஞ்சா அடைக்கணும். அப்பா சொல்லிருக்கு."

கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே போனான். கர்ணம் ஒவ்வொன்றுக்கும் ஏட்டில் விரலை வைத்துத் தலையாட்டினார். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

தண்ணீரைத் திருப்பியது குற்றமில்லை, ஊர் முறையைத்தான் செய்திருக்கிறான் என்று துரை தீர்ப்புச் சொன்னார். அடித்ததற்கு மட்டும், கோர்ட் கலையும்வரை தண்டனை. அது விளங்காமல் அம்மா, "எத்தன வருசம்?" என்று டவாலிச் சேவகரைக் கேட்டாள்.

"வருசமா? சாயங்காலம் வரைக்கும் அந்தப் பெஞ்சில உக்காரணும், ஆத்தா. அவ்வளவுதான்."

ஆனால் அண்ணன் ஓரிடத்தில் உட்காருகிறவன் இல்லை. முன்னும் பின்னும் ஆட ஆரம்பித்தான், அழுதுவிடுவான் போலிருந்தது. வக்கீல் ஐயா தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வேறு வழக்குக்காரர்கள் வந்து கூப்பிட்டார்கள். "நாளைக்கு வாங்க" என்றார். மத்தியானம் முழுவதும் இருவரும் அந்தப் பெஞ்சிலேயே இருந்தார்கள். துரை எழுந்து போனதும் அண்ணன் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டான்.

"நீங்க யாரு மடைய அடைச்சீய, ஐயா?"

சேவகர் வாயைப் பொத்திக்கொண்டார். வக்கீல் ஐயா சிரிக்கவில்லை. "அது பெரிய கத, வே. வாரும், வீட்டுக்குப் போவோம்" என்று அவன் தோளில் கை வைத்துப் படியிறக்கிக் கொண்டுவந்து அம்மாவிடம் விட்டார்.

அவரிடம் நான் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. பேச நினைத்த நாளெல்லாம் அம்மாவின் முதுகுக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறேன். இன்றைக்கு மடைகளுக்குப் பூட்டு வந்துவிட்டது, சர்க்கார் ஆள் வந்து திறக்கிறார். அண்ணன் அந்தத் தீர்ப்புக்குப் பிறகு நாற்பது வருஷம் இருந்தான். அம்மா காலத்துக்குப் பிறகு என் வீட்டுக்கு வந்துவிட்டான். ஒரு தை மாதத்துக் காலையில், நான் ஊட்டிய கஞ்சி பாதிக்கு மேல் இறங்கவில்லை, அப்படியே அடங்கிவிட்டான். அவனுக்கு வாயைத் துடைத்துவிட நான் பக்கத்தில் இருந்தேன். அந்தக் கொடுப்பினை வக்கீல் ஐயா கொடுத்தது.